25 பேர் கம்பெனிக்கு எந்த க்யூஎம்எஸ் (தர மேலாண்மை) மென்பொருள்? டெமோவில் என்ன கேட்க வேண்டும்?

#1 தனிமேசை

வணக்கம். நாங்கள் மருத்துவச் சாதனம் செய்யும் 25 பேர் கம்பெனி. இன்ஃபியூஷன் பம்ப் ஒன்றுதான் தயாரிப்பு, அமெரிக்காவிலும் விற்கிறோம். தரப்பிரிவு என்று கதவில் போர்டு இருக்கிறது, உள்ளே நான் ஒருத்திதான். எஸ்ஓபி (செயல்முறை ஆவணம்) எல்லாம் வேர்டில், காப்பா (குறையின் காரணம் கண்டு திருத்தி, மறுபடி வராமல் தடுக்கும் நடவடிக்கை) பதிவேடு எக்ஸெலில், கையெழுத்து காகிதத்தில். அதை ஸ்கேன் செய்து ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இதுதான் இறுதி’ என்று பெயர் வைத்து ஷேர்டு டிரைவில் போட்டு வைக்கிறேன்.

மருத்துவச் சாதனத் தர அமைப்புக்கான ஐஎஸ்ஓ 13485 தரநிலையின் போன ஆடிட்டில், அசெம்பிளி மேசை ஓரத்தில் ஒரு வேலை வழிமுறைத் தாள் டேப் போட்டு ஒட்டியிருந்ததை ஆடிட்டர் பார்த்துவிட்டார். ரிவிஷன் 4. நடப்பில் இருந்தது ரிவிஷன் 7. மைனர் என்சி (சிறு விதிமீறல்) எழுதிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே எம்டி “நல்ல மென்பொருளாகப் பார்த்து வாங்கிவிடுங்கள்” என்று சொல்லிவிட்டார். கெடு ஆறு வாரம்.

நான்கு டெமோ பார்த்தாயிற்று. நான்கும் கண்ணுக்கு அழகு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வட்டங்கள் சுற்றுகின்றன. 120 வரிகளுக்கு ஒப்பீட்டு அட்டவணை போட்டு வெண்டர்களுக்கு அனுப்பினேன். நான்கு பேரும் 120 வரியிலும் ‘உண்டு’ என்று டிக் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? வாங்கி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 காகிதப்பிரியன்

சகோ, மேசையில் ஒட்டிய தாளை எந்த மென்பொருளும் வந்து கிழிக்காது. வேர்டிலிருந்து பிரிண்ட் எடுத்து ஒட்டியவர் நாளைக்கு மென்பொருளிலிருந்து பிரிண்ட் எடுத்து ஒட்டுவார். மென்பொருள் வாங்கு என்று 13485 எங்கும் சொல்லவில்லை. ஃபைலும் ரப்பர் ஸ்டாம்பும் வைத்து வருஷக்கணக்காக ஓட்டுகிறேன். கரண்ட் போனாலும் என் எஸ்ஓபி திறக்கும்.

#3 பழைய ஆடிட்டர்

காகிதப்பிரியன் சொன்னதில் பாதி சரி. பிரச்சினை பிரிண்ட் எடுப்பதில் இருக்கிறது, அதை முதலில் பாருங்கள். மீதிப் பாதிக்கு வருகிறேன்.

அந்த 120 வரி அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள். ‘காப்பா உண்டா?’ என்று கேட்டால் உண்டு என்றுதான் சொல்வார்கள். எல்லோரிடமும் உண்டு. அது எப்படி நடக்கிறது என்பதில்தான் வித்தியாசமே.

வெண்டரின் டெமோவில் வரும் புகார் எப்போதும் சமர்த்துப் பிள்ளை மாதிரி இருக்கும். காலையில் வரும், மதியம் மூலகாரணம் கிடைக்கும், சாயங்காலம் மூடிவிடுவார்கள். உங்கள் அலமாரியில் இருப்பதிலேயே மிகக் குழப்பமான ஃபைல் ஒன்றை எடுங்கள். தேதி முன்பின்னாக இருப்பது, ஒரு தடவை மூடிவிட்டு மறுபடி திறந்தது, கையெழுத்துப் போட வேண்டியவர் வேலையை விட்டுப் போனது, அந்த மாதிரி. பெயர்களை மறைத்துவிட்டு நான்கு பேருக்கும் அதையே கொடுத்து, “இதை உங்கள் மென்பொருளில் என் கண் முன்னால் ஏற்றிக் காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். மவுஸ் உங்கள் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. விளம்பரத்தில் வரும் மூன்று வாக்கியங்களைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ‘எஃப்டிஏ அங்கீகாரம் பெற்ற க்யூஎம்எஸ்’: அமெரிக்க மருந்து, சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ க்யூஎம்எஸ் மென்பொருளுக்கெல்லாம் அங்கீகாரம் தருவதில்லை. ‘13485 சான்று பெற்ற மென்பொருள்’: அந்தச் சான்று நிறுவனத்தின் தர அமைப்புக்குத் தருவது, மென்பொருளுக்கு இல்லை. ‘பார்ட் 11-க்கு உட்பட்டது’: அது மின்பதிவு, மின்கையெழுத்துக்கான எஃப்டிஏ விதி; மென்பொருளில் அதற்கு வசதி இருக்கலாம், உட்படுவதும் மீறுவதும் நீங்கள் அதை வைத்து நடந்துகொள்ளும் விதத்தில்.

#4 தனிமேசை

குழப்பமான ஃபைலுக்கா பஞ்சம்! ஒன்று இருக்கிறது, நினைத்தாலே வயிறு கலங்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வீஸ் எண்ணுக்கு ஒரு நர்ஸ் போன் செய்கிறார். பம்பின் பேட்டரி மூடியில் விரிசல், மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே பம்ப் நின்றுவிட்டது. போனை எடுத்த சர்வீஸ் பையன் தன் நோட்டில் ‘மூடி மாற்றவும்’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். செவ்வாய்க்கிழமை பம்ப் திரும்பி வருகிறது. பெட்டிக்குள் ஒரு சீட்டு: நோயாளி நிலை மோசமாகி ஐசியூவுக்கு மாற்றப்பட்டார். சீட்டு என் மேசைக்கு வந்து நான் புகார்ப் பதிவேட்டில் ஏற்றியது புதன்கிழமை. சம்பவத்தை அறிவிக்கும் கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று அன்றைக்கு நடந்த சண்டை இன்னும் காதில் ஒலிக்கிறது.

#5 பழைய ஆடிட்டர்

வெள்ளிக்கிழமை. சந்தேகமே வேண்டாம்.

பழுது, பாதிப்புகளை அறிவிக்கச் சொல்லும் எஃப்டிஏவின் பகுதி 803-இன்படி, 30 நாளுக்குள் தர வேண்டிய அறிக்கை விஷயத்தில் உங்கள் ஊழியர் யார் காதில் விழுந்தாலும் கம்பெனிக்குத் தெரிந்ததாகத்தான் அர்த்தம். சர்வீஸ் பையனும் ஊழியர்தான். காயம்பட்ட செய்தி செவ்வாய்க்கிழமைதானே வந்தது என்று வாதாடவும் முடியாது. மறுபடி நடந்தால் உயிருக்கோ உடலுக்கோ கடும் பாதிப்பு வரக்கூடிய பழுது என்றாலே அறிவிக்க வேண்டும். மருந்து ஏறும்போது நின்ற பம்ப் வேறு என்ன? செவ்வாய்க்கிழமைச் சீட்டு அதே பதிவோடு சேர வேண்டிய கூடுதல் தகவல்.

ஐரோப்பாவிலும் விற்கிறீர்கள் என்றால் மருத்துவச் சாதன விதியான எம்டிஆர் 2017/745-இன் 87-ஆவது பிரிவைப் பாருங்கள். கடுமையான சம்பவத்துக்கு 15 நாள், மரணமோ எதிர்பாராத கடும் பாதிப்போ என்றால் 10 நாள், பொதுச் சுகாதாரத்துக்கே பெரிய அச்சுறுத்தல் என்றால் 2 நாள். ஆக ஒரே புகாருக்கு இரண்டு மூன்று கடிகாரம் ஓடும்.

இப்போது மென்பொருளில் பாருங்கள். ‘பதிவு உருவாக்கிய தேதி’, ‘கம்பெனிக்குத் தெரிந்த தேதி’ இரண்டும் தனித்தனிக் கட்டங்களாக இருக்கின்றனவா? கெடு எதிலிருந்து ஓடுகிறது? தெரிந்த தேதியைப் பின்னால் திருத்தினால் கெடு தானாக மாறுகிறதா? ஏன் திருத்தினார், யார் திருத்தினார் என்று ஆடிட் ட்ரெயில் (மாற்றங்களின் தடம்) கேட்கிறதா? இந்த நான்கு கேள்வியில் இரண்டு வெண்டர்களாவது தடுமாறுவார்கள் என்று நினைக்கிறேன்.

#6 சும்மாபடிப்பவர்

எல்லாம் சரி, எந்த மென்பொருள் என்று பெயரைச் சொல்லுங்களேன். எவ்வளவு நேரம் படிப்பது.

#7 ஐக்யூஓக்யூபிக்யூ

பெயர் சொல்லிவிடுவேன், ஆனால் அதை வைத்து ஒன்றும் வாங்க முடியாது. கிரீன்லைட் குரு மருத்துவச் சாதனத்துக்கென்றே செய்தது. மாஸ்டர்கன்ட்ரோல், வீவா இரண்டும் மருந்துக் கம்பெனிகளிலும் பரவலாக ஓடுபவை. டாட் கம்ப்ளையன்ஸ், கம்ப்ளையன்ஸ்க்வெஸ்ட், ட்ராக்வைஸ் டிஜிட்டல் மூன்றும் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற க்ளவுட் மேடையின் மேல் கட்டியவை. இந்தக் கடைசித் தகவல் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன், என் பிழைப்பே அதில்தான்.

13485-இன் 4.1.6 என்ன சொல்கிறது? தர அமைப்பில் பயன்படும் மென்பொருளை முதலில் பயன்படுத்தும் முன் வேலிடேட் செய் (உன் வேலைக்குச் சரியாக ஓடுகிறதா என்று சோதித்து நிரூபி). மாற்றம் வந்தால், தேவைக்கேற்ப மறுபடியும் செய். எவ்வளவு செய்வது என்பது ஆபத்தின் அளவைப் பொறுத்தது. சேல்ஸ்ஃபோர்ஸ் வருடத்துக்கு மூன்று பெரிய ரிலீஸ் விடுகிறது. வீவாவும் அப்படித்தான். அதாவது நான்கு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் வீட்டு அஸ்திவாரத்தில் யாரோ ஒரு செங்கல்லை மாற்றுகிறார்கள். எது மாறியது, என் வேலைமுறையை அது தொடுகிறதா என்று உட்கார்ந்து பார்த்து ஒரு பக்கமாவது எழுதி வைக்க வேண்டும். தரப்பிரிவில் ஒருத்தர்தான் என்றால் அந்த ஒருத்தர் நீங்கள்தான்.

அதனால் டெமோவில் கேட்க வேண்டியது ‘வேலிடேஷன் கட்டு (சோதனை ஆவணத் தொகுப்பு) தருவீர்களா’ என்று இல்லை. எல்லோரும் தருவார்கள், எடை போட்டால் மூன்று கிலோ வரும். “போன ரிலீஸுக்கு நீங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பிய மாற்றக் குறிப்பையும் சோதனைப் பதிவையும் காட்டுங்கள்” என்று கேளுங்கள். மாற்றம் நேரடி அமைப்புக்கு வருவதற்கு எத்தனை நாள் முன்னால் சோதனை அமைப்பில் கிடைக்கும் என்று கேளுங்கள். வேண்டாத அம்சத்தை அணைத்து வைக்க முடியுமா என்றும்.

வெண்டர் கட்டு அவருடைய மென்பொருள் அவர் நினைத்தபடி ஓடுகிறது என்பதற்குச் சாட்சி. உங்கள் புகார் உங்கள் எஸ்ஓபிப்படி நகர்கிறதா என்பதை நீங்கள்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்காகப் பயப்படவும் வேண்டாம். முன்பு மாதிரி ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டும் காலம் போய்விட்டது. எஃப்டிஏவின் சிஎஸ்ஏ (மென்பொருள் சோதனை பற்றிய) வழிகாட்டுதல் 2022 செப்டம்பரில் வரைவாக வந்து 2025 செப்டம்பரில் இறுதியானது. ஆபத்துக் குறைந்த இடத்தில் எழுதி வைத்த படிகள் இல்லாமலே சோதித்து, என்ன பார்த்தோம், என்ன கிடைத்தது என்று சுருக்கமாக எழுதினால் போதும் என்கிறது. ஐஎஸ்ஓ/டிஆர் 80002-2 (2017) என்ற ஆவணம் முழுக்க இந்த விஷயத்துக்காகவே எழுதியது.

ஒரு எச்சரிக்கை. ‘உங்களுக்கு வேண்டியபடி கோடு எழுதித் தருகிறோம்’ என்று இனிக்க இனிக்கச் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அமைப்பை மாற்றி வைப்பது வேறு, தனியாகக் கோடு எழுதுவது வேறு. பின்னது ஒவ்வொரு ரிலீஸிலும் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும்.

#8 நிரலி

மென்பொருள் பிரிவிலிருந்து ஒரு குரல். டிசைன் கன்ட்ரோல் (வடிவமைப்பு ஆவணங்களைக் கண்காணிக்கும்) மாட்யூல் ஒன்றையும் சேர்த்து உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். உங்கள் டெவலப்பர்கள் ஜிராவிலும் (வேலைப் பட்டியல்) கிட்டிலும் (கோடு சேமிப்பு) வேலை செய்கிறார்களா? அப்படியென்றால் அதை வாங்குமுன் நூறு தடவை யோசியுங்கள்.

எங்கள் இடத்தில் வாங்கினார்கள். பயனர் தேவை, டிசைன் உள்ளீடு, வெளியீடு, சரிபார்ப்பு என்று நான்கு பத்தி, நடுவில் கோடுகள், பார்க்க அருமை. நடந்தது என்ன? நாங்கள் ஜிராவில் வேலை செய்தோம். ரிலீஸுக்கு முந்தின வாரம் ஒரு பெண்ணை உட்காரவைத்து எல்லாவற்றையும் க்யூஎம்எஸ்ஸுக்குள் நகலெடுக்கச் சொன்னார்கள். 340 தேவைகள். அவள் நகலெடுத்து முடிப்பதற்குள் ஜிராவில் 19 மாறியிருந்தன. இரண்டு இடத்தில் ஒரே உண்மை இருந்தால் ஒன்று பொய்யாகிவிடும், அவ்வளவுதான்.

எது மூலம், எது நகல் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் மாட்யூலைப் பற்றிப் பேசலாம்.

#9 இரண்டுமுறைமாறியவள்

எல்லோரும் உள்ளே போகும் வாசலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் வெளியே வரும் வாசலைப் பற்றிச் சொல்கிறேன். ஐந்து வருடத்தில் இரண்டு க்யூஎம்எஸ் மாறியவள் நான். பெயர் சொல்ல மாட்டேன்.

முதல் வெண்டரிடம் டேட்டா எக்ஸ்போர்ட் உண்டா என்று கேட்டபோது ‘ஓ, உண்டே’ என்றார்கள். விலகும்போது தந்தார்கள். ஒரு ஜிப் ஃபைல். உள்ளே ஆறாயிரத்துச் சொச்சம் பிடிஎஃப், ஃபைல் பெயர்களெல்லாம் எண்களும் எழுத்துகளும் கலந்த நீளச் சரம். கூடவே ஒரு எக்ஸெல். எந்த பிடிஎஃப் எந்தக் காப்பாவுடையது என்று அந்த எக்ஸெலில் தேடித்தான் பொருத்த வேண்டும். அதையாவது பொறுத்துக்கொண்டோம். கையெழுத்துப் பக்கத்தைத் திறந்தால் பெயர் இருக்கிறது, தேதி நேரம் இருக்கிறது. எதற்காகப் போட்ட கையெழுத்து என்பது இல்லை. எழுதியவரா, சரிபார்த்தவரா, ஒப்புதல் தந்தவரா? திரையில் இருந்தது, பிடிஎஃப்பில் விழவில்லை. பார்ட் 11-இன் 11.50 பெயர், தேதி நேரம், கையெழுத்தின் பொருள் மூன்றும் வேண்டும் என்கிறது. திரையில் மட்டும் இல்லாமல் அச்சிலும் வேண்டும். மூன்று மாதம் பொருத்தி எழுதினோம்.

இது ஏன் உயிர்ப் பிரச்சினை தெரியுமா? ஐரோப்பிய விதிப்படி கடைசிச் சாதனம் சந்தைக்கு வந்ததிலிருந்து 10 வருடம் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும், உடலுக்குள் பொருத்தும் சாதனம் என்றால் 15. அவ்வளவு காலம் அதே வெண்டர் அதே மாதிரி இருப்பார் என்று யார் சொல்ல முடியும்? ட்ராக்வைஸ் செய்த ஸ்பார்ட்டா சிஸ்டம்ஸ் 2021-இல் ஹனிவெல் கைக்குப் போனது, ஈடிக்யூ 2022-இல் ஹெக்ஸகன் கைக்கு. கை மாறுவது தப்பு என்று சொல்லவில்லை. சந்தாவை நிறுத்தியதும் கதவு மூடும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், சோதனைக் கணக்கில் ஒரே ஒரு காப்பாவை ஓட்டி முடித்து எக்ஸ்போர்ட் எடுத்துப் பாருங்கள். அந்த மென்பொருளைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்து ‘இதில் என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அவருக்குப் புரிந்தால் நல்ல எக்ஸ்போர்ட்.

#10 காகிதப்பிரியன்

இதற்குத்தான் சொன்னேன். என் ஃபைலுக்கு எக்ஸ்போர்ட்டே தேவையில்லை. தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

#11 பழைய ஆடிட்டர்

மழையில் நடக்காதீர்கள் 🙂

சரி, காகிதத்துக்கு எதிராகவும் மென்பொருளுக்கு எதிராகவும் ஒரே கதை சொல்கிறேன். ஓர் இடத்தில் ட்ரெயினிங் பதிவுகள் கேட்டேன். புது மென்பொருள், எல்லாம் 100 சதவீதம், பச்சை. அந்தப் பட்டியலை நேரப்படி அடுக்கச் சொன்னேன். ஓர் ஆபரேட்டர் பத்து எஸ்ஓபியை ‘படித்தேன், புரிந்தது’ என்று அழுத்தியிருந்தார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் பன்னிரண்டு விநாடி இடைவெளி. அதில் ஒன்று 22 பக்கம். காகிதத்தில் இது நடந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. எல்லோரும் ஒரே நாளில் ஒரே பேனாவில் போட்ட கையெழுத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பேன், அவ்வளவுதான்.

பொய்யை மென்பொருள் விநாடி சுத்தமாகப் பதிந்து வைக்கும். வாங்குமுன் எம்டியிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், யாருக்கு எதைக் காட்டுவது என்ற அனுமதிகள். 2026 பிப்ரவரி 2 முதல் எஃப்டிஏவின் க்யூஎம்எஸ்ஆர் (புதிய தர அமைப்பு விதி) நடப்பில் இருக்கிறது. பழைய பகுதி 820-க்குப் பதிலாக 13485:2016-ஐயே உள்ளே எடுத்துக்கொண்டது. முன்பு உள் ஆடிட் அறிக்கை, மேலாண்மை மறுஆய்வு, சப்ளையர் ஆடிட் அறிக்கை இவற்றை இன்ஸ்பெக்டருக்குக் காட்டாமல் இருக்க ஒரு விலக்கு இருந்தது. அது போய்விட்டது. இனி கேட்டால் காட்ட வேண்டும். ‘இன்ஸ்பெக்டருக்கு எதிரில் ஸ்க்ரீனில் எப்படித் திறப்பேன், கேட்டதை மட்டும் எப்படிக் காட்டுவேன்’ என்பதையும் டெமோவில் பாருங்கள்.

#12 ஐக்யூஓக்யூபிக்யூ

அதோடு நேர மண்டலம். சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடும், திரையில் உங்கள் நேரம், பிடிஎஃப்பில் யூடிசி. ராத்திரி ஷிஃப்ட்டில் போட்ட கையெழுத்து அச்சில் முந்தின நாளாகவோ அடுத்த நாளாகவோ தெரியும். எந்த நேரம் என்று பக்கத்தில் எழுதாவிட்டால் விளக்கம் சொல்லியே ஓய்ந்து போவீர்கள்.

#13 தனிமேசை

மூன்று வாரம் ஆயிற்று. சொன்னபடியே பேட்டரி மூடி ஃபைலை நான்கு பேருக்கும் கொடுத்தேன். என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுமே.

முதல் வெண்டர்: புதன்கிழமை பதிவு செய்தேன், கெடுவும் புதனிலிருந்தே ஓடியது. தெரிந்த தேதி என்று கட்டம் இருக்கிறது, ஆனால் வெறும் அலங்காரம். கேட்டால் ‘அடுத்த ரிலீஸில் வரும்’. ஐந்து நாள் காற்றில் போனது. இதைத்தான் எம்டிக்கு மிகவும் பிடித்திருந்தது, வட்டங்கள் அழகாகச் சுற்றியதால்.

இரண்டாவது: தேதி சரியாக வேலை செய்தது. ஆனால் ஒப்புதலுக்கு ஒரே க்ளிக். பாஸ்வேர்டு கேட்கவில்லை. காலையில் லாகின் செய்துவிட்டு நான் எழுந்து போனால் யார் வேண்டுமானாலும் என் பெயரில் ஒப்புதல் தரலாம். கேட்டதும் ஏதோ ஒரு செட்டிங்கைத் தேடிப்பிடித்து மாற்றிக் காட்டினார்கள். மாற்றினால் வேலை செய்கிறது. டெமோ செய்தவருக்கே அப்படி ஒரு செட்டிங் இருப்பது தெரியவில்லை என்பதுதான் உறுத்தியது.

மூன்றாவது: புகாரை மூட வேண்டுமானால் காப்பா திறந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தது. வருடத்துக்கு எங்களுக்கு வரும் புகார்களில் பாதி ‘சார்ஜர் வரவில்லை’ வகை. ஒவ்வொன்றுக்கும் காப்பா திறந்தால் நான் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது.

நான்காவது: திரை பழைய அரசாங்க வெப்சைட் மாதிரி. வட்டமும் இல்லை, சுற்றலும் இல்லை. செவ்வாய்க்கிழமைச் சீட்டை அதே பதிவில் கூடுதல் தகவலாக ஏற்றினேன். தெரிந்த தேதியை வெள்ளிக்கு மாற்றியபோது காரணம் எழுது என்று நின்றது, எழுதியதும் கெடு நகர்ந்தது. எக்ஸ்போர்ட் எடுத்து எங்கள் கணக்குப் பிரிவு அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு “ஏம்மா, அந்தப் பையன் வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே” என்றார். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆவணம், ட்ரெயினிங், புகார், காப்பா, இவ்வளவுதான் வாங்குகிறோம். நிரலி சொன்னதைக் கேட்டு டிசைன் மாட்யூலை விட்டுவிட்டோம். எக்ஸ்போர்ட் என்ன வடிவில், விலகிய எத்தனை நாளுக்குள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் வக்கீல் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

#14 இரண்டுமுறைமாறியவள்

வக்கீல் யோசித்து முடிக்கும் வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

#15 ஐக்யூஓக்யூபிக்யூ

அமெரிக்காவுக்கு விற்பதால் இன்னொரு சின்ன விஷயம். மின்கையெழுத்தைக் கைக்கையெழுத்துக்குச் சமமாகப் பயன்படுத்துகிறோம் என்று எஃப்டிஏவுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், 11.100-இல் இருக்கிறது. ஒரு பக்கம்தான். எல்லோரும் மறப்பதும் அதைத்தான்.

#16 காகிதப்பிரியன்

வாழ்த்துகள் சகோ. எல்லாம் சரி, அந்த ரிவிஷன் 4 தாள் என்ன ஆயிற்று?

#17 தனிமேசை

நேற்றுதான் உரித்து எடுத்தேன். அடியில் ரிவிஷன் 3 இருந்தது.